புறங்கையில் கொஞ்சம் இடுப்பு

எனக்குத் தொப்பை போட்டால் இடது புறங்கையும் கூடவே பருக்கும். சொன்னால் சிரிப்பார்கள். என் மருமகள் மட்டும், கல்யாணமாகி வந்த புதிதில், சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அடுக்களைக்குள் போய்விட்டாள். உள்ளதைத்தான் சொல்கிறேன். 1983-ல் என் இடுப்பிலிருந்து எடுத்த தோலும் அதன் அடிக்கொழுப்பும் கைக்கு வந்து நாற்பது வருஷம் தாண்டிவிட்டது. பிறந்த இடத்துக் குணம் போகவில்லை. தீபாவளி, பொங்கல் என்று பண்டிகைகள் வரிசையாக வந்தால் இடுப்போடு சேர்ந்து அதுவும் ஊதும். சர்க்கரை வியாதி வந்து நான் இளைத்தபோது அதுவும் இளைத்தது.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. திருவல்லிக்கேணியில் ஒரு சந்துக்குள் இருந்த அச்சகத்தில் டிரெடில் ஓட்டிக்கொண்டிருந்தேன். டிரெடிலைப் பார்த்தவர்கள் இன்று குறைவு. இரண்டு இரும்புத் தட்டுகள். ஒன்றில் ஈய எழுத்துகளை அடுக்கி முடுக்கிய பாரம் நிற்கும். மற்றதில் காகிதம் உட்காரும். இரண்டும் வாய் திறந்து மூடுவதுபோலச் சேர்ந்து சேர்ந்து பிரியும். வாய் திறந்திருக்கும் அந்த ஒரு கணத்தில் வலது கையால் புதுத்தாளை வைக்க வேண்டும், இடது கையால் அச்சான தாளை உருவ வேண்டும். தை மாத முகூர்த்தம், கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் அட்டை. மை கொஞ்சம் கெட்டி. ஓர் அட்டை எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. அதை எடுக்க இடது கை இரண்டாம் தடவை உள்ளே போனது. அவ்வளவுதான்.

கையுறையை உருவுவதுபோலப் புறங்கைத் தோல் மணிக்கட்டிலிருந்து விரல் மொளிவரை உரிந்துவிட்டது. விரல்கள் இருந்தன. எலும்பும் அதன்மேல் நாலைந்து வெள்ளை நாடாக்களும் தெரிந்தன. கூட வேலை பார்த்த அண்ணன் ஒருவர் பதற்றத்தில் எழுத்து கழுவுகிற மண்ணெண்ணெயை எடுத்து மேலே ஊற்றினார். பாவம், அவருக்கு அது சுத்தம்.

அரசு மருத்துவமனை ஒன்றில் சேர்த்தார்கள். மறுநாள் இளவயது டாக்டர் ஒருவர் கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தொடையிலேர்ந்து தோலைச் சீவி ஒட்டலாமேன்னு உங்கம்மா கேக்கறாங்க. இந்த இடத்துல அது பிடிக்காதுப்பா. அடியில நாண் எல்லாம் வெறுசா கிடக்கு. ரத்தம் ஓடற தோலே வேணும். கையைக் கொண்டுபோய் இடுப்புல தைக்கப் போறோம்." அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சீவி ஒட்டுகிற தோலுக்குச் சொந்தமாக ரத்த ஓட்டம் கிடையாது. ஒட்டிய இடம் ஊட்டினால்தான் பிழைக்கும். உறை உரிந்த நாணும் மேல்சவ்வு போன எலும்பும் எதையும் ஊட்டாது. அதனால் தோலை முழுக்க வெட்டி எடுக்காமல், ஒரு பக்கம் உடம்போடு தொடர்பை விட்டு, மடலாகத் தூக்கிக் காயத்தின்மேல் போர்த்துவார்கள். மடல் பழைய இடத்து ரத்தத்தில் வாழ்ந்துகொண்டே புது இடத்தில் வேர்விடும். வேர் பிடித்ததும் தொடர்பை வெட்டிவிடலாம். மாங்கன்றுத் தொட்டியைத் தாய்மரத்துக் கிளைக்குப் பக்கத்தில் தூக்கிக் கட்டி, இரண்டையும் சீவிச் சேர்த்துக் கட்டி, சேர்ந்த பிறகு தாய்க்கிளையை அறுப்பார்களே, அதே வேலைதான். வித்தியாசம், கன்றுக்கு அரிப்பெடுக்காது.

இருபத்தொரு நாள். இடது கை இடுப்போடு தைத்துக் கிடக்கும், தோள் இறுகிவிடும், புரள முடியாது. அம்மா ஊட்டிவிடுவாள். வேடிக்கை என்னவென்றால், புறங்கைமேல் இருந்த மடலை சிஸ்டர் பஞ்சால் துடைத்தால் எனக்கு இடுப்பில் துடைப்பதாகத் தெரியும். கண்ணால் பார்ப்பது ஓரிடம், உணர்வது வேறிடம். இரண்டு மணிக்கு ஒருதரம் யாராவது வந்து மடலை விரலால் அழுத்திவிட்டு எடுப்பார்கள். வெளுத்த இடம் உடனே சிவந்தால் நல்லது. கண்மூடித் திறப்பதற்குள் பாய்ந்து நீலம் பூத்தால், ரத்தம் உள்ளே வருகிறது, வெளியே போகவில்லை என்று அர்த்தம். வெளுத்தபடியே கிடந்தால் உள்ளேயே வரவில்லை. இரண்டு வாரத்துக்குப் பிறகு மடலின் கழுத்தில் ரப்பர் குழாயைச் சுற்றி இறுக்கினார்கள். முதல் நாள் ஐந்து நிமிஷம், அடுத்து பத்து, பிறகு அரைமணி. இடுப்பு ஊட்டாமல் கை ஊட்டுகிறதா என்று பார்த்துப் பழக்குகிற வேலை. கன்றுக்குட்டியைப் பால் மறக்கடிப்பது போலத்தான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறத்தையே பார்த்துக் கிடப்பேன்.

இதற்கெல்லாம் ஒரு சரித்திரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவந்தது எட்டு வருஷம் கழித்து. 1991-ல் மருத்துவக் கல்லூரி ஒன்றுக்கு எதிரே சின்னதாக ஒரு கடை போட்டேன். டைப்பிங், ஜெராக்ஸ், பைண்டிங். மேல்படிப்பு டாக்டர்கள் ஆய்வேடு கொண்டுவருவார்கள். நாலு காப்பி, கறுப்பு ரெக்சின், தங்க எழுத்து. ஈய எழுத்தைத் தலைகீழாக வாசித்துக் கற்ற இங்கிலீஷ் என்னுடையது. மெய்ப்புப் பார்க்க அது போதும். கையைப் பற்றிய ஆய்வேடு வந்தால் பைண்டிங்குக்கு அனுப்புமுன் ஒரு ராத்திரி வீட்டுக்கு எடுத்துப்போவேன். தெரியாத இடத்தில் பென்சில் கோடு போட்டுவைத்து மறுநாள் அவர்களிடமே கேட்பேன். என் கையைக் காட்டினால் யாரும் நேரமில்லை என்று சொன்னதில்லை.

முதலில் குழப்பியது நம் பேச்சுதான். நமக்கு எல்லாமே நரம்பு. ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை என்போம், அது சிரை. சுளுக்கினால் நரம்பு பிசகிவிட்டது என்போம், அது பெரும்பாலும் தசைநார். மரத்துப் போனால் அதுவும் நரம்பு, அது மட்டும் நிஜமாகவே நரம்பு. தமனி என்று பள்ளிக்கூடத்தில் படித்ததைத் துடிக்கும் இடத்தில் விரல் வைத்த பிறகுதான் நம்பினேன். என் இடுப்பில் அந்த டாக்டர் ஊதா மையால் கோடு போட்டபோது தொடை இடுக்கில் துடிக்கிற பெரிய தமனியைத்தான் முதலில் தொட்டார். இடுக்கு மடிப்புக்கு இரண்டு விரல்கடை கீழே அதிலிருந்து ஒரு சின்னக் கிளை பிரிந்து, இடுப்பெலும்பின் முனையை நோக்கித் தோலுக்கடியில் ஓடுகிறது. என் மடலின் உயிர் அந்தக் கிளை. அதை நடுவில் வைத்துத்தான் இருபுறமும் வெட்டினார்.

இந்தக் கோட்டைப் போட மனிதர்களுக்கு எத்தனை காலம் பிடித்தது என்பதுதான் கதை.

எந்த ஆய்வேடாக இருந்தாலும் முதல் பத்தி சுஸ்ருதர், இரண்டாம் பத்தி புனே. சுஸ்ருதர் மூக்குக்கு நெற்றித்தோலை எடுத்தார் என்று பாதிப்பேர் எழுதியிருப்பார்கள். அவருடைய நூல் சொல்வது கன்னத்துத் தோலை. மூக்கின் அளவுக்கு ஓர் இலையை வெட்டி, அதை வைத்து அளக்கச் சொல்கிறது. நெற்றி பின்னால் வந்தது. அதை உலகம் அறிந்தது ஒரு பத்திரிகையால், அதாவது எங்கள் தொழிலால். எனக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு. 1792 யுத்தத்தில் இங்கிலீஷ் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவர் திப்புவின் ஆட்களிடம் சிக்கினார். மூக்கையும் ஒரு கையையும் வெட்டி அனுப்பினார்கள். ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, புனே பக்கத்தில் செங்கல் அறுக்கும் சாதியைச் சேர்ந்த ஒருவர் அவருக்கு மூக்கு செய்தார். மெழுகில் ஒரு மூக்கை வனைந்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு கிழித்து, தோலை உரித்து, இரண்டு கண்ணுக்கும் நடுவில் ஒரு சின்னத் துண்டை மட்டும் அறுக்காமல் விட்டு, திருப்பிக் கீழே பொருத்தினார். தையல் இல்லை. நாம் வெற்றிலையோடு போடும் காசுக்கட்டியைத் தண்ணீரில் குழைத்துத் துணியில் தடவி ஒட்டினார். நாலு நாள் கழித்து நெய்யில் நனைத்த துணி. இருபத்தைந்தாம் நாள் அளவில் அந்த இணைப்புத் துண்டை அறுத்தார். வெள்ளைக்கார டாக்டர்கள் இருவர் நேரில் பார்த்தார்கள். லண்டன் ஜென்டில்மன்ஸ் மேகசின் 1794 அக்டோபரில் படத்தோடு போட்டது. கார்ப்யூ என்ற லண்டன் சர்ஜன் இதை அறிந்து, பிணங்களில் பழகிப் பார்த்துவிட்டு, 1814-ல் உயிருள்ளவருக்குச் செய்தார்.

அந்த புனேக்காரர் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. கண்களுக்கு நடுவில் விட்ட துண்டில் என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். புருவத்தின் உள்முனையில் ஏறி நெற்றியில் மேலே போகிற ஒரு தமனி அங்கே இருக்கிறது. அதை அறுத்திருந்தால் மூக்கு கருகி விழுந்திருக்கும். பரம்பரையாகக் கைக்குத் தெரிந்தது, வாய்க்குத் தெரியாது.

ஐரோப்பாவிலும் ஒருவர் முன்பே முயன்றிருந்தார். பொலோனாவைச் சேர்ந்த தல்யகோட்சி, மேல்கைத் தோலை மூக்கில் தைத்து, கையைத் தலையோடு வார்போட்டுக் கட்டி வைத்தார். 1597-ல் அதைப் புத்தகமாகவும் போட்டார். அவருக்கு அந்த ஊரில் மரச்சிலை இருக்கிறது, கையில் ஒரு மூக்கைப் பிடித்தபடி. கை மூக்குக்காக வேலை செய்த காலம் அது. கைக்காக யாரும் வேலை செய்யவில்லை.

முதல் உலகப்போர் வந்தது. ஜட்லண்ட் கடல்போரில் முகம் வெந்த ஒரு மாலுமிக்கு 1917 அக்டோபரில் கில்லிஸ் என்ற சர்ஜன் மார்புத்தோலைத் தூக்கும்போது, மடலின் ஓரங்கள் தாமாக உள்பக்கம் சுருள்வதைக் கவனித்தார். அப்படியே சேர்த்துத் தைத்துவிட்டால் குழாய். உள்ளே பச்சைப்புண் வெளியே தெரியாது, சீழ் பிடிக்காது. ஒடெஸாவில் ஃபிலாதோவ் என்பவர் இதை அதற்கு முந்தைய வருஷமே செய்திருந்தார். யுத்தத்தில் யாருக்கு யார் கடிதம் எழுதினார்கள்? அதன்பின் அரைநூற்றாண்டு எங்கும் குழாய்மயம். வயிற்றிலிருந்து மணிக்கட்டுக்கு, மணிக்கட்டிலிருந்து முகத்துக்கு என்று மாதக்கணக்கில் நடத்திக்கொண்டு போவார்கள்.

அப்போதும் மடலை வெட்ட அவர்களிடம் இருந்தது ஓர் அளவுச் சூத்திரம்தான். அகலம் இவ்வளவு என்றால் நீளம் அதற்குச் சமமாகவோ, மிஞ்சினால் இரண்டு மடங்காகவோ இருக்கலாம். தாண்டினால் நுனி சாகும். கம்போசிங்கில் எங்களுக்கும் இப்படி அளவு உண்டு: பத்தியின் அகலம் இத்தனை எம், அதற்குமேல் வரி போகாது. நான் அதை மதிக்கிறேன். ஆனால் ஈயத்துக்கு உயிர் இல்லை. தோலுக்குள் என்ன ஓடுகிறது என்று பார்க்காமல் வெளியே ஸ்கேல் வைத்து அளந்தது, கிணறு எங்கே என்று கேட்காமல் தோட்டத்தின் நீள அகலத்தை மட்டும் அளந்து நாற்று நட்டதுபோல.

பார்த்த ஒருவர் இருந்தார் என்பதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம். 1889-ல், ஸ்ட்ராஸ்பர்க்கில், கார்ல் மான்ஷோ என்ற மருத்துவ மாணவர், மனித உடம்பின் தோலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படமாக வரைந்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்க இன்னும் ஆறு வருஷம் இருக்கிறது. கத்தி, சிமிட்டா, பொறுமை. உடம்புத் தோலை நாற்பது எல்லைகளாகப் பிரித்தார். இன்ன எல்லைக்கு இன்ன தமனி என்று, கிராமத்தில் இந்த மடைக்கு இந்த வயல் என்று சொல்வதுபோல. அச்சும் ஆனது. ஆனால் அச்சானதெல்லாம் வாசிக்கப்படுவதில்லை. வருஷக்கணக்கில் பைண்டிங் செய்தவன் சொல்கிறேன். 1936-ல் மார்சேயில் மிஷேல் சால்மோன் பிணங்களின் தமனிகளில் ஈயச் சேர்மம் கலந்த திரவத்தைச் செலுத்தி, எக்ஸ்ரே எடுத்து, எண்பதுக்கு மேற்பட்ட எல்லைகள் காட்டினார். (ஈயம், கவனியுங்கள்.) அதுவும் பிரெஞ்சிலேயே தூங்கியது. மான்ஷோவின் புத்தகம் இங்கிலீஷில் வந்தது 1983-ல். நான் ஆஸ்பத்திரியில் கிடந்த வருஷம்.

சர்ஜன்கள் சுற்றிவந்து அதே இடத்தை அடைந்தார்கள். பஃபலோ நகரத்தில் பக்காம்ஜியன் 1965-ல் மார்பெலும்பு ஓரத்திலிருந்து தோள்வரை நீளமான ஒரு மடலைத் தூக்கினார். சூத்திரப்படி அது செத்திருக்க வேண்டும், சாகவில்லை. 1970-ல் ஆக்ஸ்போர்டில் மில்டன் பன்றிகளில் அகல அகலமாகவும் ஒடுக்கமாகவும் மடல்கள் வெட்டிப் பார்த்து, நீள அகலச் சூத்திரமே பிழை என்று எழுதினார். அகலம் கூடியதால் மட்டும் மடல் நீளமாகப் பிழைக்கவில்லை. உள்ளே தமனி சேர்ந்து வந்தால்தான் பிழைத்தது. கிளாஸ்கோவில் மெக்கிரிகரும் ஜாக்சனும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். தோலுக்கு இணையாக நெடுக ஓடும் தமனி வேறெங்கே இருக்கிறது என்று தேடி, இடுப்பில் கண்டார்கள். 1972-ல் கட்டுரை வந்தது. நீளமான மடல், தூக்கிய இடத்தை அப்படியே இழுத்துத் தைத்துவிடலாம், வடு வேட்டிக்குள் மறைந்துவிடும், கை தானாக எட்டுகிற இடம். அதற்குமுன் கையை வயிற்றில் தைக்காமல் இல்லை. ஆனால் மடல் குட்டையாக இருந்ததால் கை வயிற்றோடு அப்பிக் கிடக்கும், விரலை அசைக்க வழி இராது. எனக்கு விரலசைக்க இடம் இருந்தது. தினம் காலையில் ஒரு பெண் வந்து, "அசைங்கண்ணா, இன்னும் கொஞ்சம்" என்று வாட்டியெடுப்பார். அந்த அசைவில்தான் இன்று காப்பி டம்ளரைப் பிடிக்கிறேன்.

நான் கட்டிலில் கிடந்ததற்குப் பத்து வருஷம் முன்பே, 1973-ல், மெல்போர்னில் டேனியலும் டெய்லரும் இதே இடுப்பு மடலை முழுக்க வெட்டியெடுத்து, சுமார் ஒரு மில்லிமீட்டர் குழாய்களை நுண்ணோக்கியில் பார்த்துத் தைத்து, காலில் பொருத்திவிட்டார்கள். அதற்கு நுண்ணோக்கி வேண்டும், ராத்திரி முழுக்கக் கண்விழிக்க ஆள் வேண்டும். எனக்குக் கிடைத்தது ஒரு கத்தியும் ஓர் ஊதா மையும். குறை சொல்ல மாட்டேன். நுண்ணோக்கி இல்லாத இடத்தில் இன்றும் கையைக் காப்பாற்றுவது இந்த மடல்தான்.

1981-ல் சீனாவிலிருந்து யாங் குவோஃபான் குழுவினர், முன்கைத் தோலையே அதன் நாடித் தமனியோடு எடுக்கலாம் என்று எழுதினார்கள். அப்படி எடுத்தால் உள்ளங்கைக்கு ரத்தம் மிச்சமிருக்குமா? கைக்கு இரண்டு பெரிய தமனிகள். உள்ளங்கையில் இரண்டும் வளைவாகச் சேர்ந்துகொள்கின்றன. இரண்டையும் அழுத்தி, கையை வெளுக்க வைத்து, சுண்டுவிரல் பக்கத்தை மட்டும் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். 1929-லேயே ஆலன் என்பவர் சொல்லிவைத்த சோதனையைப் பின்னால் திருத்திய வடிவம் அது. நீங்களும் இப்போதே செய்து பார்க்கலாம். இந்த வளைவு இருப்பதால் மடலைத் தலைகீழாகத் திருப்பி, ரத்தத்தை எதிர்த்திசையில் ஓடவிட்டும் புறங்கையை மூடுகிறார்கள். சிரைகளில் இருக்கும் கதவுகள் ஒருவழிப் பாதை. அவற்றை மீறி ரத்தம் எப்படித் திரும்புகிறது என்பதைப் பக்கக் கிளைகளை வைத்து ஓர் ஆய்வேடு முப்பது பக்கம் விளக்கியது. எனக்கு மூன்று பக்கம் புரிந்தது.

வெளியேறாத ரத்தத்துக்கு அட்டை விடுவார்கள் என்று இன்னோர் ஆய்வேட்டில் இருந்தது. எங்களுக்கு அட்டை என்றால் பத்திரிகை அடிக்கிற அட்டை. இரண்டுமே என் கையைத் தொட்டிருக்கக்கூடியவை, ஒன்றுதான் தொட்டது. 1960-ல் ஸ்லோவேனியாவில் இரண்டு டாக்டர்கள் நீலம் பூத்த மடல்களை அட்டை விட்டுக் காப்பாற்றியதாக எழுதினார்கள். அட்டை விடுவதற்கென்றே சுஸ்ருதர் ஓர் அத்தியாயம் வைத்திருக்கிறார்.

நம்மூர்ப் பங்கையும் சொல்லியாக வேண்டும். கை என்றால் வேலூரைத்தான் முதலில் சொல்வார்கள்: 1946-ல் வந்த பால் பிராண்ட், தொழுநோயில் மடங்கிய விரல்களை நாண் மாற்றி நிமிர்த்தினார். அது பெரிய கதை, வேறு கதை. மடலில் நம் பெயர் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் எழுதப்பட்டது. டாக்டர் ஆர். வெங்கடசாமியும் சுப்பிரமணியனும் 1980-ல் வெளியிட்ட சாய்முக்கோண மடல். மிஷினில் விரல்நுனி பெரும்பாலும் நேராக வெட்டுப்படுவதில்லை, சாய்வாகச் சீவிக்கொண்டு போகும். ஒவ்வொரு விரலுக்கும் இருபக்கமும் ஒரு தமனி, ஒரு நரம்பு. சதை மிச்சமிருக்கிற பக்கத்தில் நீள முக்கோணமாகத் தோலை வெட்டி, அந்தப் பக்கத்துத் தமனியையும் நரம்பையும் அறுக்காமல் அதோடு சேர்த்து, நுனிக்கு நகர்த்தித் தைத்துவிடுகிறார்கள். விரலுக்கு விரலின் தோலே. ரேகையும் உணர்ச்சியும் மிஞ்சும். விரலை வேறெங்கும் கொண்டுபோய்த் தைக்க வேண்டாம். அன்றாடம் வேலைக்குப் போகிற ஆளுக்கு அதன் அருமை தெரியும். என் பழைய அச்சகத்தில் எனக்குப் பின் வந்த பையனுக்கு ஆள்காட்டி விரலில் அதைத்தான் செய்தார்கள். அந்த விரலால் ரூபாய் நோட்டை எண்ணுகிறான். எனக்கு இடுப்புத் தோலில் சூடு குளிர் இன்னும் அரைகுறைதான். வெந்நீரை வலது கையால்தான் பார்ப்பேன்.

1987-ல் அதே டெய்லர், பால்மருடன் சேர்ந்து, உடம்பு முழுவதையும் தமனி வாரியாகப் பிரித்துப் படம் போட்டார். தோலுக்கு மேலேறி வரும் அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குழாய்கள் சராசரியாக 374 என்று எண்ணினார்கள். மான்ஷோவையும் சால்மோனையும் தூசி தட்டி எடுத்ததில் அவருக்குப் பங்குண்டு. அந்தப் படங்களைத்தான் பிறகு வந்த பிள்ளைகள் ஆய்வேட்டில் ஒட்டிக் கொண்டுவருவார்கள். நான் கலர் ஜெராக்ஸில் சிவப்பு மங்காமல் பார்த்துக்கொள்வேன்.

வெட்டுண்ட கையை முழுதாகத் திரும்பப் பொருத்தியது 1963-ல், ஷாங்காயில், ஒரு தொழிற்சாலைத் தொழிலாளிக்கு. செய்தவர் சென் சோங்வெய். கட்டைவிரலைப் பொருத்தியது 1965-ல், ஜப்பானில் நாரா நகரத்தில், கோமாட்சுவும் தமாயும். ஜென்டில்மன்ஸ் மேகசின் கடிதம் வந்து அதற்குள் நூற்றெழுபது வருஷம் ஆகிவிட்டது. அந்தக் கடிதத்தில் மூக்கை அளந்த மெழுகு இருக்கிறது, காசுக்கட்டி இருக்கிறது, இருபத்தைந்தாம் நாள் இருக்கிறது. காவஸ்ஜியின் கையைப் பற்றி, வெட்டினார்கள் என்பதோடு சரி.